மூன்றாவது கம்ப்ரசர்

"டிக்கெட் எடுக்காதவங்க எடுத்துருங்க, கயத்தாத்துல செக்கிங் நிக்குது, செக்கிங்!"

பர்ஸை உள்ளே வைங்க அக்கா. அது கண்டக்டர் இல்லை, நான்தான். கண்டக்டர் கடைசி சீட்டில் வடை தின்றுகொண்டிருக்கிறார். அவர் குரலைப் பிடிக்க எனக்கு மூன்று ஸ்டாப் போதும். பாதி மூக்கு, பாதி தொண்டை. கோபப்படாதீங்க. நீங்கள் மட்டுமா தேடினீர்கள், முன்னால் பாருங்க, நாலு பேர் குனிந்து தேடுகிறார்கள். தேடாத ஆள் ஒருத்தர்தான். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டு, கோடு போட்ட சட்டை.

அவர் என் அப்பா. எது என் குரல், எது மற்றவர் குரல் என்று அவருக்கு இப்போது தெரியும். ஆடி மாதம் முடிகிற வரைக்கும் தெரியாது. அதனால் அவர் வேலைக்கே ஆபத்து வந்து, ஒரு பெரிய ஆபீசில் விசாரணை வைத்து, அது முடிந்துதான் இப்போது திரும்புகிறோம். அவர் அங்கே, நான் இங்கே. மூன்று வாரமாக அவர் என்னோடு பேசவில்லை. எனக்கு அதில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இடம் நிறைய இருந்தது, ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்தோம். அவ்வளவுதான்.

என் பேர் டெல்பின். பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன். மார்க் கேட்காதீங்க. ஊர் ராதாபுரம் தாலுகாவில் கடற்கரை. அப்பா பேர் பனிமயம், வேலை ஐஸ் ஃபேக்டரியில். சிரிக்காதீங்க. பேர் பனிமய மாதாவுக்காக வைத்தது, வேலை பிறகு கிடைத்தது.

ஐஸ் ஃபேக்டரியில் மூன்று கம்ப்ரசர். சாதாரண நாளில் இரண்டு ஓடும், மூன்றாவது சும்மா நிற்கும். இந்த வருஷம் காற்று சீசனுக்கு அந்த மூன்றாவதற்கு ஒரு வேலை கொடுத்தார்கள். எங்கள் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காற்றாடி. ஆனி ஆடியில் காலிக் குடத்தைக் கீழே வைத்தால் உருண்டு கடலுக்குப் போய்விடும், அப்படிக் காற்று. காற்றாடி எல்லாம் சேர்ந்து சுற்றினால் கரண்ட் மிஞ்சிப்போகும். மிஞ்சினால் நல்லதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். இல்லையாம். நாச்சிமுத்து சார் சொல்வார், இருங்க, அவர் குரலிலேயே சொல்கிறேன்:

"கரண்டுக்கு நாடு முச்சூடும் ஒரே துடிப்புங்க. செகண்டுக்கு அம்பது. எச்சாப் போனாலும் ஆகாதுங்க, கம்மியானாலும் ஆகாதுங்க. மிஞ்சற கரண்டை ஆராச்சும் வாங்கிக்கோணும். ஆரும் வாங்கலீன்னா காத்தாடியை நிறுத்தித்தான் போடோணும்."

எப்படி? பொள்ளாச்சிக்காரர். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகையில் அவர் குரல் ரிசீவருக்கு வெளியேயும் கேட்கும். கரண்ட் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறையில் அதிகாரி. எந்த ஊரில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். மிஞ்சினால் எங்கள் ஐஸ் ஃபேக்டரிக்குப் போன் போடுவார். அப்பா மூன்றாவது கம்ப்ரசரைப் போடுவார். ஐஸ் உறைகிற உப்புத்தண்ணீர்த் தொட்டி நன்றாகக் குளிர்ந்துகிடக்கும். சாயங்காலம் ஊர் உலகமெல்லாம் லைட் போட்டதும் மறுபடி போன் வரும். அப்பா மூன்றையும் நிறுத்திவிடுவார். ஏற்கெனவே ஏற்றிவைத்த குளிரிலேயே ஐஸ் உறையும். மிச்சக் கரண்டைக் குளிராக்கிப் பூட்டிவைக்கிற மாதிரி. மிஞ்சின கரண்ட் மலிவு, ஃபேக்டரி முதலாளிக்கும் லாபம். சோதனைக்காக ஒரு சீசன், அதற்கு அப்பாதான் பொறுப்பு.

இதில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு நம்பர். அங்கிருந்து நம்பர் சொல்ல வேண்டும், இங்கிருந்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். முதல் பத்து நாள் அப்பா அப்படியே செய்தார். பிறகு நாச்சிமுத்து சார் ஒருநாள், "இன்னைக்கு என்ன மீனுங்க?" என்று கேட்டுவிட்டார். அப்பா சொன்னார். மறுநாளும் கேட்டார். அவர் சைவம் அக்கா. "திங்கறதில்லீங்க, பேரு கேக்க நல்லாருக்குது" என்பாராம். அதற்குப் பிறகு அப்பா நம்பர் கேட்பதை விட்டுவிட்டார். அம்மா கேட்டாள், விதியாச்சே என்று. அப்பா சொன்னது: "தினம் பேசுத மனுசன்கிட்ட போய் நம்பர் என்னன்னு கேக்கச் சொல்லுதியா? அவரு என்ன நெனைப்பாரு?"

இப்போது சொல்லுங்க, தப்பு யார் மேல்? நான் அப்படி ஒன்றும் திட்டம் போடவில்லை.

ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். காற்று ஊ என்று கூவுகிறது. காற்றாடிகள் அசையாமல் நிற்கின்றன. ஒன்று இரண்டு இல்லை, வரிசையாக முப்பது. காற்று இருந்தும் காற்றாடி நின்றால் என்ன அர்த்தம்? வாங்க ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். அப்படியென்றால் நாச்சிமுத்து சார் ஏன் அப்பாவுக்குப் போன் பண்ணவில்லை? சாப்பிடப் போயிருப்பார். பாவம் என்று நான் பண்ணினேன். அம்மா செல்லில் இருந்து.

"ஏனுங்க பனிமயமுங்களா? காத்து எச்சா இருக்குதுங்க. மூணாவதைப் போட்டுடுங்க."

"சரிங்க சார், போட்டுருதேன்" என்றார் அப்பா.

ஃபேக்டரியில் பழைய லேண்ட்லைன். யார் கூப்பிடுகிறார்கள் என்று அதில் தெரியாது. பெண் குரலில் ஆண் குரல் எப்படி என்று கேட்கிறீர்களா? பக்கத்தில் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் பங்குச்சாமியார் பேசினால்கூட என் பெரியம்மா பேசுகிற மாதிரித்தான் கேட்கும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வைக்கப் போனேன். அப்போது அப்பா கேட்டார்:

"சார், இன்னைக்கு மீனு கேக்கலையே?"

மறந்தே போய்விட்டேன். "ஆமாங்க, என்ன மீனுங்க?" என்றேன்.

"விளமீனும் பாறையும் வந்துருக்கு. வீட்டுக்குக் கொஞ்சம் விளமீன் வாங்கி வச்சிருக்கேன். எம் மகளுக்கு விளமீன்னா உசிரு."

அக்கா, எங்கள் வீட்டில் அப்பா பேசுவது மூன்று வார்த்தை. "ம்." "லைட்டை அமத்து." "கதவு." கதவு என்றால் திறக்கவா, மூடவா என்று நாங்களாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு விளமீன் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்கு ராத்திரி விளமீன் குழம்பு. அப்பா என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார். "ம்" என்றார்.

மறுநாளும் காற்றாடி நின்றது. மறுபடி பண்ணினேன். தமாஷுக்குத்தான். மொத்தம் பதினோரு தடவை. காற்று அடித்தும் காற்றாடி நிற்கிற நேரம் பார்த்துத்தான் பண்ணுவேன். கண்ட நேரத்தில் பண்ணினால் மாட்டிக்கொள்வோம் இல்லையா, அதற்காக. சில நாள் நிறுத்தச் சொல்ல மறந்துவிடுவேன். சாயங்காலம் நிஜ சார் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிடுவார். நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தான் வேலை பார்த்தோம்.

பேச்சு வளர்ந்தது. மனிதர் போனில் அருவி மாதிரி பேசுகிறார். ஒருநாள் நானாகவே கேட்டேன். "பொண்ணு என்ன படிக்குதுங்க?" சும்மா, பேச்சுவாக்கில்.

"பன்னெண்டு முடிச்சிட்டா சார். எல்லாரு மாதிரியும் பேசுவா. கோயில் திருவிழாவுல பண்ணுனா, சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மேடைக்குப் போகணும்ங்கா. எனக்குப் பயமா இருக்கு சார். சிரிக்கவன் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருவான். பிள்ளை மேடையில தனியா நிக்கும்லா?"

கொடியில் துணி பறக்கப் பார்த்தது, பிடிக்க ஓடினேன். ஆடிக்காற்றில் துணி பறக்கும், தெரியுமில்லையா. "சரீங்க" என்று வைத்துவிட்டேன்.

இன்னொரு நாள், "பாலிடெக்னிக்ல கரண்டு படிப்பு படிக்க வைக்கலாமா சார், நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். நான் கறாராகச் சொன்னேன்: "ஃபாரம் வாங்கி வைங்க. ஆனா பொண்ணு இஷ்டத்துக்கு உடுங்க. அவ கெட்டிக்காரிங்க." அதிகாரி சொன்னால்தான் அவர் கேட்பார். அதனால் சொன்னேன். மற்றபடி என்னைப் பற்றி நானே அப்படிச் சொல்கிறவள் இல்லை.

அதில்தான் வந்தது வினை. அப்பா ஃபாரம் வாங்கிவிட்டார். அடுத்து நிஜ சார் கூப்பிட்டபோது, "நீங்க சொன்னபடியே ஃபாரம் வாங்கிட்டேன் சார், பொண்ணு இஷ்டம்னு விட்டுட்டேன்" என்றிருக்கிறார். நாச்சிமுத்து சார், "ஏனுங்க, உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

அப்பா வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். மொட்டைமாடியைப் பார்த்தார். அம்மாவின் செல்லைப் பார்த்தார். "ம்" என்றார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு வழக்கமான "ம்" என்றே நினைத்தேன். அந்த வாரம் நான் கூப்பிடவும் இல்லை. காற்றாடி நிற்கவில்லை, கரண்ட் மிஞ்சவில்லை, நிஜ சாரும் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழித்து, சாயங்காலம் ஆறே முக்கால். காற்று சட்டென்று நின்றது. ஊரெல்லாம் லைட் போடுகிற நேரம். நாச்சிமுத்து சார் அவசரமாக ஐஸ் ஃபேக்டரிக்குப் போன் பண்ணி, மூன்று கம்ப்ரசரையும் நிறுத்தச் சொன்னார். அப்பா நிறுத்தவில்லை. இருபத்திரண்டு நிமிடம் நிறுத்தவில்லை. வேறு வழியில்லாமல் எங்கள் பக்கத்து லைனையே அணைத்துவிட்டார்கள். நாலு ஊர் இருட்டு. கோயிலில் ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது, மைக் நின்றுபோனது. இருட்டில் நான் பங்குச்சாமியார் குரலில், "அமைதியாக வீட்டுக்குப் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் காணிக்கை வேண்டாம்" என்று அறிவித்தேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். நிஜச் சாமியார்கூட ஒரு நிமிடம் யோசித்தார்.

அப்பாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நோட்டீஸ் வந்தது. உத்தரவு இல்லாமல் பதினோரு தடவை கரண்ட் எடுத்தது ஒரு குற்றம். உத்தரவு வந்தும் ஒரு தடவை நிறுத்தாதது இன்னொரு குற்றம். முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இங்க பாரும் பனிமயம், வேணும்னே மீறினார்னு ஆபீசுல எழுதிக் குடுத்தாவன்னா, நான் உம்ம வச்சிருக்க முடியாது." இருபத்தாறு வருஷ வேலை. நோட்டீசின் கடைசியில், "தங்கள் மகளையும் அழைத்து வரவும்" என்று இருந்தது. என்னை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இன்று காலையில் பஸ் ஏறும்போது அப்பா, "அங்க நீ வாயத் தெறக்கக் கூடாது" என்றார். மூன்று வாரத்தில் அதுதான் பேச்சு.

ஏசி அறை அக்கா. அஞ்சு இன்ஜினியர். நடுவில் சீஃப் மேடம். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆணி அடித்தமாதிரி நிறுத்துவார். "பனிமயம். பதினோரு தடவை. யார் சொல்லிப் போட்டீங்க?"

"நானாத்தான் போட்டேன்."

"பதினோரு தடவையும் கரண்ட் மிஞ்சியிருந்த நேரம். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"தோணுச்சு."

"தோணுச்சு." மேடம் எழுதிக்கொண்டார். "இப்படிச் சொன்னால் வேலை போகும். தெரியுமா?"

"தெரியும் மேடம்."

நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்தான் நான். பிறகு மேடம், கட்டுப்பாட்டு அறையில் எல்லாப் போனும் பதிவாகும் என்று சொல்லி, அன்றைய சாயங்காலத்துப் போனைப் போடச் சொன்னார். ஓரத்தில் வழுக்கையாக ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் நாச்சிமுத்து சார். தலையைக் குனிந்துகொண்டார். போட்டார்கள்.

"ஏனுங்க பனிமயம், காத்து நின்னுபோச்சுங்க. மூணையும் நிறுத்திப் போடுங்க. அவசரமுங்க."

"வந்துட்டியா. ஒரு வாரமா இந்தப் போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்."

"என்னங்க?"

"நல்லாப் பண்ணுத. அசல் அந்தாளு மாதிரியே இருக்கு."

"நான் அந்தாளுதானுங்க!"

"அதத்தான் சொல்லுதேன். அந்தாளே கேட்டா அசந்துருவாரு."

"பனிமயம், துடிப்பு எறங்கீட்டிருக்குதுங்க, வெளையாடாதீங்க!"

"நான் எங்க வெளையாடுதேன், நீதான வெளையாடுத. ஏட்டி டெல்பின், நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாத. வீட்டுல வச்சு எனக்குச் சொல்ல வரமாட்டேங்கு. சாருன்னு நெனச்சு நான் பேசுனதெல்லாம் நீ கேட்டுட்ட. பொய் ஒண்ணும் சொல்லலை. பயமா இருக்குன்னு சொன்னேன்லா, அது நெசம். மூணாவது தடவையே எனக்குச் சந்தேகம் வந்துருக்கணும். அந்தாளுக்கு மீனுன்னா எல்லாம் ஒண்ணுதான். நீ விளமீன் பெருசா சிறுசான்னு கேட்ட. ஆனா பேசப் பேச நல்லா இருந்துச்சு. அதான் சந்தேகப்படலை."

"ஏனுங்க, பொண்ணு சமாச்சாரம் அப்பறம் பேசிக்கலாமுங்க, மொதல்ல சுவிச்சை..."

"ஃபாரம் அலமாரியில இருக்கு. வேண்டாம்னா மேடைக்கே போ. நான் வந்து கடைசியில உக்காந்து பாக்கேன். மேடையில இருந்து பாத்தா உனக்குத் தெரியாது. நீ பாட்டுக்குப் பண்ணு. வச்சிருதேன்."

அதற்குப் பிறகு மூன்று தடவை சார் கூப்பிட்டிருக்கிறார். அப்பா ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். ஒரே நாளில் அவ்வளவு பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்ததாம். மேடம் கேட்டதற்கு அப்படித்தான் சொன்னார். மேடம் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி அழுக்காக இருந்திருக்கும்.

"அப்போ அந்தப் பதினோரு தடவை?" என்றார் மேடம்.

"நானாத்தான்" என்றார் அப்பா மறுபடியும். பிடிவாதம். ரெக்கார்டில் என் பேரே வந்துவிட்டது, இன்னமும் "நானாத்தான்."

எனக்கு ஒன்றும் இல்லை அக்கா. ஆனால் அஞ்சு இன்ஜினியர், ஏசி அறை, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி ஒரு கூட்டம் எனக்கு மறுபடி கிடைக்குமா? விடுவேனா? எழுந்து நின்றேன்.

"ஏனுங்க மேடம், அவரு போடலீங்க. பதினோரு தடவையும் போடச் சொன்னது நான்தானுங்க."

கதவு திறந்தது. வெளியே ஸ்டூலில் இருந்த பியூன் தலையை நீட்டி, "சார், கூப்பிட்டீங்களா? டீயா?" என்று நாச்சிமுத்து சாரைக் கேட்டார். நாச்சிமுத்து சார் வாயைத் திறக்கவே இல்லை. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எப்படி நேரம் பார்த்தாய் என்று மேடம் கேட்டார். காற்றாடியைச் சொன்னேன். ஒரு இன்ஜினியர் தன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "பதினோரு தடவையும் நாம் கூப்பிட விட்டுப்போன நேரத்தில்தான் சொல்லியிருக்கிறாள்" என்றார். மேடம் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேப்பரைத் திருப்பி வைத்துவிட்டார்.

பிறகு மேடம் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இது மிமிக்ரி இல்லை. நாலு ஊரில் விளக்கு அணைந்தது. ஓர் ஊரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜெனரேட்டர் ஓடியதால் பிழைத்தோம்." ஆணி, ஆணி, ஆணி. அந்தக் குரல் எனக்கு வரும். இப்போது பண்ண மனசில்லை.

கடைசியில் கடிதத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? "வேண்டுமென்றே மீறினார்" என்று எழுதவில்லை. "செய்தித் தொடர்பில் கோளாறு" என்று எழுதியிருக்கிறார்கள். நான்தான் அந்தக் கோளாறு. அப்பாவுக்கு வேலை தப்பியது. ஆனால் இனிமேல் போன் கிடையாது. ஃபேக்டரியில் ஒரு பெட்டி வைப்பார்களாம். பச்சை எரிந்தால் போடணும், சிவப்பு எரிந்தால் நிறுத்தணும். யாரும் யாரோடும் பேச வேண்டாம்.

வராந்தாவில் அப்பாவும் நாச்சிமுத்து சாரும் எதிரெதிரே நின்றார்கள். இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார்கள்.

"நீங்க ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சனுங்க" என்றார் சார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் சார்" என்றார் அப்பா. பெட்டிக்கு மீன் பேர் கேட்கத் தெரியாது என்று இரண்டு பேருமே நினைத்திருப்பார்கள். அது என் ஊகம்தான்.

அவ்வளவுதான் கதை. என்னைக் கேட்டால், பெட்டி வைத்ததில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காற்றாடி நின்றால் நிற்கட்டும். போன் பண்ணி மீன் கேட்பது ஒரு பொழுதுபோக்கா? வேறு எத்தனையோ நம்பர் இருக்கிறது. ஹெட்மிஸ்ட்ரஸ் குரலில் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் லீவு விடப் போகிறேன்.

கயத்தாறு வந்துவிட்டது. பாருங்க, இந்தப் பக்கத்துக் காற்றாடி எல்லாம் சுற்றுகிறது. நல்ல காற்று.

அக்கா, அவர் எழுந்துவிட்டாரா? கோடு போட்ட சட்டைதானே? பஸ் நிற்கப்போகிறது, இறங்கி டீ குடிக்கப் போவார். இல்லையே, பஸ் நிற்கவில்லையே. கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறார். பின்னால் தண்ணீர் கிடையாது, ஒன்றும் கிடையாது, என்னத்துக்கு வருகிறார்?

இங்கேதான் வருகிறார்.

நீங்கள் கொஞ்சம் அவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறீர்களா? ஜன்னல் சீட்டுதான், நல்ல சீட்டு. பையை நான் பிறகு கொண்டுவந்து தருகிறேன். போங்க அக்கா. நான் ஒன்றும் பயப்படவில்லை. எழுந்திருங்க, வந்துட்டாரு.